டீ வருவதற்குள் தரையிறங்கிவிடும் விமானம்!

கடையில் ஒரு டீ சொல்கிறீர்கள். அது ஆற்றி உங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு விமானம் கிளம்பி, கடலைத் தாண்டி, அடுத்த தீவில் இறங்கியும் விடுகிறது. நம்ப முடிகிறதா?

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. அவற்றில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று அருகருகே இரண்டு தீவுகள். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் வெறும் 2.7 கிலோமீட்டர். எடின்பர்க் விமான நிலையத்தின் ஓடுபாதையே ஏறக்குறைய இவ்வளவு நீளம்! உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமானச் சேவை இதுதான். லோகன்ஏர் நிறுவனம் 1967 முதல் இதை நடத்திவருகிறது.

கால அட்டவணைப்படி பயண நேரம் 2 நிமிடம். கணக்குப் போட்டால் சராசரி வேகம் மணிக்கு 81 கிலோமீட்டர்தான். நெடுஞ்சாலையில் கார் போகிற வேகம்! இத்தனைக்கும் இந்த ஐலண்டர் ரக விமானத்தால் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்க முடியும். ஆனால், வேகமெடுத்து மேலே ஏறியதுமே இறங்க வேண்டியிருக்கிறதே!

காற்று சாதகமாக இருந்தால் நேரம் இன்னும் குறையும். ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 விநாடிகளில் கடந்து சாதனை படைத்தார். 2013-ல் ஓய்வுபெறும் வரை இதே வழியில் 12,000 முறைக்கு மேல் பறந்தவர் அவர்.

'இந்தத் தூரத்துக்கு விமானமா?' என்று கேட்கத் தோன்றும். பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. பெரிய மருத்துவமனை, மேல்நிலைப் படிப்பு எல்லாமே கிர்க்வால் நகரத்தில்தான். அங்கிருந்து வெஸ்ட்ரேவுக்கு விமானத்தில் சுமார் 15 நிமிடம். அந்த விமானமே பக்கத்துத் தீவையும் எட்டிப்பார்த்துவிட்டு வருகிறது. நம் ஊரில் மினி பஸ் ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகுமே, அதுபோல!

இரண்டு தீவுகளுக்கும் இடையே படகும் உண்டு. ஆனால், வட அட்லான்டிக் கடல் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. டாக்டர், ஆசிரியர், மாணவர், நோயாளி என்று எல்லோருக்கும் இந்தக் குட்டி விமானம்தான் பெரிய துணை. விமானி அருகே உள்ள இருக்கையிலும் ஒரு பயணி உட்காரலாம். மொத்தம் 8 பேர்தான் ஏற முடியும். டிக்கெட் வருமானத்தை மட்டும் நம்பி இதை ஓட்ட முடியாது என்பதால், அரசுப் பணமும் கைகொடுக்கிறது.

சுற்றுலாப் பயணிகளுக்கு இது சொல்லிச் சிரிக்க ஒரு சாதனைப் பயணம். நூறு பேர்கூட இல்லாத ஒரு தீவுக்கோ, இரவில் கிர்க்வாலில் தங்காமல் வைத்தியம் பார்த்துவிட்டு வீடு திரும்ப ஒரு வழி. கடல் குறுக்கே கிடந்தால் 2.7 கிலோமீட்டரும் தூரம்தான்!