மேஞ்சுச்சு, குடிச்சுச்சு

மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்ப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால், ஆட்டின் அன்றைய பொழுது முழுவதும் இறந்தகாலத்தில் வந்து விழும். "காட்டுல மேஞ்சுச்சுங்க, தொட்டியில தண்ணி குடிச்சுச்சுங்க, பொழுதோட பட்டிக்கு வந்துச்சுங்க." இதையே அவர் வீட்டுப் பிள்ளை பரீட்சைத் தாளில் எழுதினால் மூன்றுக்கும் சிவப்பு மை அடிக்கோடு விழும். மேய்ந்தது, குடித்தது, வந்தது என்பதே எழுத்து வழக்கு.

பரீட்சைக்கு அந்தத் திருத்தம் தேவைதான். ஆனால் பேச்சு வடிவத்தை நாக்கின் சோம்பல் என்று தள்ளுவது பெரிய தவறு. தமிழ்நாடு முழுக்கப் புழங்கும் இந்த வடிவங்களுக்குள் கறாரான இலக்கணம் இருக்கிறது.

'குடிச்சுச்சு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு 'ச்சு' உண்டு. இரண்டின் பிறப்பும் வேறு. முதலாவது, 'குடித்து' என்பதில் உள்ள த்து. இ, ஐ, ய் ஆகிய ஒலிகளை அடுத்து வரும் த்த பேச்சில் ச்ச ஆகிறது, ந்த ஞ்ச ஆகிறது. அதனால்தான் படித்தான் படிச்சான், நினைத்தான் நெனச்சான், மேய்ந்தது மேஞ்சுச்சு. அந்த ஒலிகள் முன்னால் இல்லையென்றால் மாற்றமும் இல்லை. 'நடந்துச்சு' என்பார்களே தவிர, 'நடஞ்சுச்சு' என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடச் சொல்வதில்லை.

இரண்டாவது 'ச்சு' இன்னும் சுவையானது. ஆயிற்று, போயிற்று, ஓடிற்று என்ற வடிவங்களில் உள்ள 'இற்று' தேய்ந்து ஆச்சு, போச்சு, ஓடுச்சு என்று வந்தது. 'வந்திற்று', 'குடித்திற்று' என்று எழுதுவாரில்லை. ஆனாலும் பேச்சுத் தமிழ் அந்த 'ச்சு'வை வந்துச்சு, இருந்துச்சு, குடிச்சுச்சு என எல்லா வினைக்கும் நீட்டிவிட்டது. சில வினைகளுக்கு மட்டும் உரியதாக இருந்த விகுதி பொது விதியாகிவிட்டது.

ஆங்கிலத்திலும் இதே வேலைதான் நடக்கிறது. 'கேட்ச்' என்ற வினைக்கு 'காட்' என்பதே இன்றைய இறந்தகாலம். 'கேட்ச்டு' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஆனால் 1719-இல் வெளிவந்த டேனியல் டிஃபோவின் 'ராபின்சன் குரூசோ' நாவலில் 'கேட்ச்டு' இருக்கிறது. இன்று பிழையில்லாத 'ஹெல்ப்டு' இருக்கும் இடத்தில் முன்பு 'ஹோல்ப்' இருந்தது. பழைய ஆங்கிலத்தின் 177 ஒழுங்கற்ற வினைகளை ஆராய்ந்து 2007-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை, அவற்றில் 98 மட்டுமே இன்றும் அப்படியே ஒழுங்கற்று இருப்பதாகக் கண்டது. அதிகம் புழங்கும் வினைகள் பழைய வடிவத்தை விடாமல் காக்கின்றன. அரிதாகப் புழங்குபவை விதிக்குள் வந்துவிடுகின்றன. மாறுதல் எதிர்த்திசையிலும் நடக்கும். 'ஸ்னீக்டு' என்று ஒழுங்காக இருந்த வினைக்கு அமெரிக்கர்கள் 'ஸ்னக்' என்று புது வடிவம் கொடுத்தார்கள்; அது இப்போது அகராதிகளில் இருக்கிறது.

த், ட், ற், இன் என இறந்தகால இடைநிலைகளை 13-ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்தவர் பவணந்தி முனிவர். வினைகள் அதோடு நின்றுவிடவில்லை. பழைய இலக்கியத்தின் 'புக்கான்' இன்றைய எழுத்தில் 'புகுந்தான்'. முயல் என்ற வினைக்கு 'முயன்றார்' இருக்க, முயற்சி என்ற பெயர்ச்சொல்லிலிருந்து 'முயற்சித்தார்' பிறந்திருக்கிறது. இலக்கண ஆசிரியர்கள் அதைப் பிழை என்றே திருத்துகிறார்கள். நாளிதழ்களோ அன்றாடம் அச்சிடுகின்றன.