விளையாட்டு வண்டியும் லித்தியம் மின்கலமும்

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு விளையாட்டுப் பொருளைப் பற்றியது. ரேடியோ அலைகளின் உதவியால் தூரத்தில் நின்றபடியே இயக்கும் சிறு மோட்டார் வண்டிகளையும் படகுகளையும் விமானங்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். சிலர் சொந்தமாகவே வைத்திருக்கலாம். எங்கள் ஊர் ஆரணி. அப்பெயரைக் கேட்டதும் பட்டுக்குப் பேர்போன மற்றோர் ஆரணி உங்கள் நினைவுக்கு வரும். நான் சொல்வது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் இடையே, ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் ஊர். ஆற்றில் நீர் வற்றிய மாதங்களில் அந்த மணற்பரப்பிலே இத்தகைய வண்டிகளை இளைஞர்கள் ஓட்டி மகிழ்வதைக் காண்கிறேன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் மின்சாரப் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். ஆகவே என் கண் வண்டியின் வேகத்தை விட்டு அதன் வயிற்றில் இருக்கும் பாட்டரியின்மீதே செல்கிறது. வண்டி விளையாட்டுப் பொருள்தான்; பாட்டரி விளையாட்டுப் பொருள் அன்று. இந்த வேற்றுமையை உணர்ந்துகொண்டால் போதும். மற்ற விதிகளெல்லாம் தாமே விளங்கிவிடும்.

ரேடியோவால் ஒரு வாகனத்தை இயக்கலாம் என்பதை உலகுக்கு முதலில் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடந்த மின்சாரப் பொருட்காட்சியில், ஒரு தொட்டி நீரில் சிறு படகை மிதக்கவிட்டு, கம்பித் தொடர்பு ஏதுமின்றி அதைத் திருப்பியும் நிறுத்தியும் காட்டினார். பிற்காலத்தில் இவ்விளையாட்டு பரவியபோது நிக்கல்-காட்மியம், நிக்கல்-உலோக ஹைட்ரைடு ஆகிய பாட்டரிகள் வழக்கத்தில் இருந்தன. அவை சற்றுக் கனமானவை. ஆனால் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் பொறுத்துக்கொள்பவை. லித்தியம் மின்கலத்தின் வரலாறு வேறு. 1970களில் விட்டிங்ஹாம் அதற்கு அடிகோலினார். 1980இல் குட்இனஃப் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தலாம் எனக் கண்டார். 1985இல் யோஷினோ, தனி லித்தியம் உலோகத்துக்குப் பதிலாகக் கரிப்பொருளை வைத்துப் பாதுகாப்பான கலத்தை அமைத்தார். 1991இல் அது கடைக்கு வந்தது. இம்மூவருக்கும் 2019ஆம் ஆண்டு இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இக்கலத்தின் உள்ளே நடப்பது என்ன? மெல்லிய செப்புத் தகட்டின்மேல் கிராஃபைட் பூசியிருக்கும். மெல்லிய அலுமினியத் தகட்டின்மேல் உலோக ஆக்ஸைடு பூசியிருக்கும். இரண்டுக்கும் நடுவே நுண்துளைகள் உடைய பிளாஸ்டிக் திரை ஒன்று உண்டு. இவை எல்லாம் ஒரு கரிமத் திரவத்தில் நனைந்திருக்கும். மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் ஆக்ஸைடிலிருந்து புறப்பட்டுத் திரையைக் கடந்து கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகுந்துகொள்கின்றன. வண்டி ஓடும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. லித்தியம் பாலிமர் என்று விற்கப்படும் கலங்களில் இவற்றை இரும்புக் குப்பிக்குள் அடைப்பதில்லை. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த மெல்லிய உறையில் இட்டு ஓரங்களை ஒட்டிவிடுகிறார்கள். அதனால்தான் அவை இவ்வளவு இலேசாக இருக்கின்றன. இலேசான உறை காவலிலும் இலேசானதே என்பதை நாம் மறக்கலாகாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கலங்களைத் தொடராக இணைத்த பாட்டரியின் சராசரி அழுத்தம் 7.4 வோல்ட். அதன் கொள்ளளவு 5000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 5 ஆம்பியர்-மணி. இரண்டையும் பெருக்கினால் 37 வாட்-மணி. ஏறக்குறைய 1,33,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 60 பாகைக்கு மேல் சூடாக்க இது போதும். இத்தனை சக்தியும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு பொட்டலத்தில் அடங்கியிருக்கிறது. உள்ளே இருக்கும் திரவமோ எளிதில் தீப்பற்றக்கூடியது. சக்தி மெல்ல வெளிவந்தால் வண்டி ஓடும். ஒரே சமயத்தில் வெளிவந்தால் வீடு எரியும்.

சக்தி மெல்ல வெளிவர வேண்டுமானால் மின்கலத்தின் இரண்டு எல்லைகளை நாம் மதிக்க வேண்டும். ஒரு கலத்தின் மேல் எல்லை 4.2 வோல்ட், கீழ் எல்லை 3.0 வோல்ட். மேல் எல்லையைத் தாண்டி மின்னேற்றினால், கிராஃபைட்டுக்குள் இடம் கிடைக்காத லித்தியம் அதன் மேற்பரப்பில் உலோகமாகவே படிகிறது. மறுபுறம், லித்தியத்தை அளவுக்கு மீறி இழந்த ஆக்ஸைடு நிலைகுலைந்து, சூடேறினால் பிராணவாயுவை வெளியிடுகிறது. எரிபொருளும் பிராணவாயுவும் ஒரே உறைக்குள் கூடிவிட்டால் தீக்கு வேறென்ன வேண்டும்? கீழ் எல்லைக்கும் வெகுவாகக் கீழே இறக்கினால் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி மின்னேற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடங்களில் படிந்து, கலத்துக்குள்ளேயே குறுக்குப் பாதை அமைத்துவிடக்கூடும்.

இங்கே ஒரு பழைய வழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிக்கல்-காட்மியம் பாட்டரி புழங்கிய காலத்தில், அதை முழுவதும் தீர்த்துவிட்டுத்தான் மறுபடி மின்னேற்ற வேண்டும் என்று பெரியவர்கள் கூறுவார்கள். அந்தப் பாட்டரிக்கு அதில் ஓரளவு நியாயம் இருந்தது. லித்தியம் கலத்துக்கோ அதுவே நஞ்சு. எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், தன் மாமா சொன்னபடி, வண்டி அசையாமல் நிற்கும்வரை ஓட்டிவிட்டு அடுத்த வாரம் பாட்டரியை என்னிடம் கொண்டுவந்தான். அது தலையணைபோல் உப்பியிருந்தது. உள்ளிருந்த திரவம் சிதைந்து வாயுவாக மாறியதன் அடையாளம் அது. "ஊசியால் குத்திக் காற்றை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா, ஐயா?" என்று கேட்டான். கேட்காமலே குத்தாமல் இருந்தானே என்று மகிழ்ந்தேன். உப்பிய கலத்தைக் குத்துவது, உள்ளே இருக்கும் திரையைக் கிழித்து இரு தகடுகளையும் சேர்த்துவைப்பதாகும். உப்பிய பாட்டரிக்கு வைத்தியம் இல்லை, ஓய்வுதான் உண்டு.

வண்டி வேகம் குறைந்து சோர்வதுபோல் தோன்றினால் உடனே ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவியில் லித்தியத்துக்கென்று ஒரு காவல் அமைப்பு உண்டு. கலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 3.2 அல்லது 3.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் அது மோட்டாரைத் தடுத்துவிடும். அதை நிக்கல் பாட்டரிக்கான நிலையில் வைத்திருந்தால் காவல் இராது. ஓட்டம் முடிந்ததும் பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். ஸ்விட்சை அணைத்திருந்தாலும் சில கருவிகள் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். சில வாரங்களில் பாட்டரி வறண்டுபோகும்.

இனி மின்னேற்றும் முறையைக் காண்போம். பாட்டரியில் தடித்த கம்பிகள் இரண்டைத் தவிர, பல மெல்லிய கம்பிகள் சேர்ந்த வெள்ளை நிறச் சிறு இணைப்பி ஒன்றும் இருக்கும். அது எதற்கு? மூன்று கலங்கள் உள்ள பாட்டரியை அளந்து பார்க்கிறீர்கள், 11.1 வோல்ட் காட்டுகிறது. கலத்துக்கு 3.7 வோல்ட் என்று கணக்கிட்டு, எல்லாம் நலம் என்று எண்ணுவீர்கள். ஆனால் இரண்டு கலங்கள் 3.9 வோல்ட்டிலும் ஒன்று 3.3 வோல்ட்டிலும் இருந்தாலும் கூட்டுத்தொகை அதே 11.1தான்! இந்நிலையில் மொத்தம் 12.6 வோல்ட் வரும்வரை மின்னேற்றினால், பின்தங்கிய கலம் பின்தங்கியே நிற்க, முந்திய இரண்டும் 4.2 என்னும் எல்லையைக் கடந்துவிடும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து சமன்செய்யவே அந்த வெள்ளை இணைப்பி இருக்கிறது. வகுப்பின் சராசரி மதிப்பெண்ணைப் பார்த்து எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று கூறலாமா?

மின்னேற்றும் வேகத்துக்கும் ஓர் அளவு உண்டு. அதை 'சி' என்னும் எழுத்தால் குறிப்பார்கள். 5000 மில்லி ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 1 சி என்பது 5 ஆம்பியர். 2200 என்றால் 2.2 ஆம்பியர். இந்த அளவில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். தயாரித்தவர் வேறு அளவு குறிப்பிடாதவரை இதைத் தாண்ட வேண்டாம். சார்ஜரில் லித்தியம் பாலிமர் என்னும் வகையையும், கலங்களின் எண்ணிக்கையையும் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஓடி முடித்த சூட்டோடு மின்னேற்றாமல், பாட்டரி ஆறும்வரை பொறுத்திருங்கள்.

எங்கே வைத்து ஏற்றுவது? மெத்தையின்மேலும் புத்தக மேசையின்மேலும் கூடவே கூடாது. வாசலையோ படிக்கட்டையோ மறித்தும் வைக்கலாகாது. ஆபத்து நேர்ந்தால் நீங்கள் வெளியேறும் வழி அதுவே. கடப்பைக் கல் அல்லது சிமெண்டுத் தரை நல்லது. மண்ணால் செய்த பூந்தொட்டி ஒன்றினுள் சிறிது உலர்ந்த மணல் பரப்பி அதற்குள் வைப்பது இன்னும் நல்லது. இறுக மூடிய டப்பா ஆகாது. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் அது வெடிகுண்டாகிவிடும். மின்னேற்றம் முடியும்வரை ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இரவு செருகிவிட்டு உறங்கப்போகும் வழக்கம், விடுதி மாணவர்களே, உங்கள் அறையில் உறங்கும் நண்பனின் உயிரையும் பணயம் வைப்பதாகும்.

ஆனால் பாட்டரிக்குப் பெருந்தீங்கு ஓட்டத்திலும் மின்னேற்றத்திலும் நேர்வதைவிட, சும்மா கிடக்கும்போது நேர்வதே மிகுதி. மார்ச் மாதம் பொதுத்தேர்வு வருகிறது. தாய் தந்தையர் வண்டியைப் பரண்மீது ஏற்றிவிடுகிறார்கள். பாட்டரி முழு மின்னேற்றத்தோடு அங்கே கிடக்கிறது. மே மாதத்தில் நம் மாவட்டத்துத் திருத்தணியில் வெயில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணின் உஷ்ணத்தை நீங்களே ஊகிக்கலாம். உஷ்ணம் 10 பாகை உயர்ந்தால் இரசாயன மாற்றத்தின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொது விதி. நிறைந்த கலத்தில் வேண்டாத மாற்றங்கள் விரைவாக நடக்கும். வறண்ட கலமோ மேலும் இறங்கிக் கீழ் எல்லையைக் கடந்துவிடும். ஆகவே இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் உபயோகிக்கப்போவதில்லை என்றால், கலத்துக்கு 3.8 வோல்ட் இருக்குமாறு செய்து, வீட்டிலேயே குளிர்ச்சியான, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பெரும்பாலான சார்ஜர்களில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. உண்டு விம்மிய வயிறும் ஆகாது, பட்டினி வயிறும் ஆகாது. அரை வயிறே ஓய்வுக்கு ஏற்றது.

கல்லில் மோதிய வண்டியின் பாட்டரியை உடனே மறுபடி மின்னேற்றலாகாது. வெளியே எடுத்து, திறந்த வெளியில் சிறிது நேரம் வைத்துக் கவனியுங்கள். நசுங்கியிருந்தாலும், உப்பினாலும், இனிப்பான மணம் வீசினாலும் அதை ஒதுக்கிவிடுங்கள். பாட்டரியைச் சாவிக்கொத்தோடும் சில்லறைக் காசுகளோடும் பையில் போட வேண்டாம். அதன் உட்தடை மிகச் சிறியது. முனைகளை ஒரு சாவி இணைத்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்துவிடும்.

இவ்வளவு ஜாக்கிரதைக்குப் பின்னும் தீப்பற்றிவிட்டால், முதலில் அவ்விடத்தை விட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு முதலிய நச்சு வாயுக்கள் உண்டு, அதைச் சுவாசிக்கலாகாது. எரியும் பாட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவது வீரம் அன்று. மணல் தழலைப் பரவாமல் தடுக்கும். ஆனால் உள்ளே நடக்கும் மாற்றத்தை நிறுத்தாது. சூட்டைத் தணிக்க ஏராளமான நீர் வேண்டும். ஆகையால் தீயணைப்பு நிலையத்தை 101 அல்லது 112 என்ற எண்ணில் அழைப்பதே முறை. அணைந்ததுபோல் தோன்றிய கலம் மீண்டும் பற்றுவதும் உண்டு.

ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பைத் தொட்டியிலோ பழைய இரும்புக் கடையிலோ போடக் கூடாது. குப்பை வண்டியில் அது நசுங்கினால் தீ உண்டாகும். எரிபவன் அந்த வண்டியில் வேலை செய்யும் ஏழைத் தொழிலாளி. 2022ஆம் ஆண்டில் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைக் குப்பையோடு சேர்க்காமல் தனியாக ஒப்படைக்க வேண்டுமென்று பணிக்கின்றன. முனைகளில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி, சேகரிக்கும் நிலையத்தில் கொடுங்கள். அதிலுள்ள கோபால்ட்டும் செம்பும் மறுபடி பயன்படும் செல்வங்கள்.

இத்தனை தொல்லையா, இந்த விளையாட்டே வேண்டாம் என்று நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் அளித்த நிலமும் நன்கொடையும் கொண்டு எழுந்து, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இன்று லித்தியம் கலங்களையும் ஆராய்ந்துவருகிறது. மின்சார ஸ்கூட்டரிலும், வயலில் மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானத்திலும் இருப்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மின்கலமே. நாளை அவற்றைச் செய்யவும் செப்பனிடவும் போகிறவர்கள் நீங்கள். பெரிய யந்திரத்தின் முன் நிற்கும்போது வேண்டிய பொறுமையையும் அளவறிந்த பழக்கத்தையும் ஒரு சிறு வண்டியிலேயே கற்றுக்கொள்ளலாம். அதற்கு வேண்டியவை அழுத்தமானி ஒன்று, மண்தொட்டி ஒன்று, மின்னேறும்வரை அருகில் அமர்ந்திருக்கும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் பாடப்புத்தகத்தையும் படிக்கலாமே!