ஒரே மருந்து, இரு தலைகள்: நொதி நடத்தும் பாடம்

நொதிகள் என்றதும் உமிழ்நீர், அமைலேஸ், மாவுப்பொருள், அயோடின் சோதனை என்று நம் கை தானாகவே கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிடுகிறது. நொதிக்குச் செரிமானம் தவிர வேறு வேலையில்லை என்றே பல மாணவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். தேவாரத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி, பாடத்தை வேறு திசையில் கொண்டுசெல்ல உதவியது.

“டீச்சர், எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒரே முடி மருந்துதான் தடவுறாங்க. சித்தப்பாவுக்கு வளருது, அப்பாவுக்கு ஒண்ணும் வரலை. ஏன்?”

அவர்கள் தடவுவது மினாக்சிடில். அமெரிக்காவில் 1979இல் கடும் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக இது ஒப்புதல் பெற்றது. அதை உட்கொண்டவர்களுக்கு உடலில் முடி அதிகமாக வளர்ந்ததைக் கண்ட பிறகே தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 2 சதவீதத் திரவத்துக்கு 1988இல் ஒப்புதல் கிடைத்தது.

பாட்டிலில் இருக்கும் மினாக்சிடில் முழுமையான மருந்து அன்று; அது ஒரு முன்மருந்து. முடியின் வேர்க்காலில் சல்ஃபோட்ரான்ஸ்ஃபெரேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மினாக்சிடிலுடன் ஒரு சல்ஃபேட் தொகுதியை இணைக்கிறது. இப்படி உருவாகும் மினாக்சிடில் சல்ஃபேட்தான் முடி வளர்ச்சியைத் தூண்டுகிறது.

நம் பகுதி மாணவர்களுக்கு இதை ஏலக்காயைக் கொண்டு விளக்கலாம். தோட்டத்தில் பறித்த பச்சைக்காய் அப்படியே போடி ஏலத்துக்குப் போவதில்லை. ஸ்டோரில் உலர்ந்து வந்தால்தான் அது சரக்கு. மினாக்சிடில் பச்சைக்காய் என்றால், வேர்க்காலின் நொதியே ஸ்டோர். எவ்வளவு காய் பறித்தாலும் ஸ்டோர் சரியாக இயங்காவிட்டால் சரக்கு குறையும்.

இந்த நொதியின் செயல்திறன் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. மரபணு வேறுபாடும் அதற்கு ஒரு காரணம். அண்ணன் தம்பிக்குள்ளும் அது ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கிய சில முடிகளில் நொதியின் செயலை அளந்து, மருந்து பலன் தருமா என்று முன்கூட்டியே கணிக்கும் சோதனையையும் ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். ஆஸ்பிரின் இந்த நொதியின் வேகத்தைக் குறைக்கக்கூடும். அதற்காக, இதயத்துக்கென மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வியப்பான இன்னொரு செய்தியையும் வகுப்பில் சொல்லலாம். சல்ஃபேட் இணைப்பது பெரும்பாலும் ஒரு பொருளைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் வழி. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலின் ஒரு பகுதி இப்படித்தான் சிறுநீரில் வெளியேறுகிறது. அங்கே மருந்தை முடித்துவைக்கும் அதே வகை வினை, இங்கே மருந்தைத் தொடங்கிவைக்கிறது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு ஃபினாஸ்டரைடு. ஆண்களின் வழுக்கைக்கு 1997இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மாத்திரை இது. 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டெஸ்டோஸ்டிரோனை டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. வழுக்கைக்கு மரபுவழியாக இடமுள்ளவர்களின் வேர்க்கால்களை அந்த ஹார்மோன் சுருங்கச் செய்கிறது. ஃபினாஸ்டரைடு அந்த நொதியைத் தடுக்கிறது. ஆக, ஒரு மருந்துக்கு நொதி வேலை செய்ய வேண்டும். மற்றொன்று நொதியை நிறுத்த வேண்டும். நொதி, தளப்பொருள், தடுப்பான் மூன்றையும் இந்த ஒரே ஒப்பீட்டில் நடத்திவிடலாம்.

பாடத்துக்கு வெளியிலும் இந்த அறிவு தேவைப்படுகிறது. மலைக்கு வேலைக்குப் போய்வரும் பெற்றோரின் கூலிப் பணத்தில், விளம்பரம் பார்த்து வாங்கும் எண்ணெய்க்கும் பங்கு போகிறது. மினாக்சிடில் 18 வயதுக்கு உட்பட்டோர் தாமாக வாங்கித் தடவும் மருந்து அன்று. பெரியவர்கள் தடவினாலும் கையை நன்றாகக் கழுவ வேண்டும். கைக்குழந்தையின் தோலில் பட விடக்கூடாது. ஃபினாஸ்டரைடின் உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடவே கூடாது.

நம் மாணவியருக்கு முடி கொட்டினால் முதலில் எண்ண வேண்டியது இரும்புச்சத்துக் குறைவை. பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவர்கள் விழுங்குகிறார்களா என்று பார்ப்போம். கடும் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் உண்டு. பெரும்பாலும் அது தானே திரும்ப வளரும். வட்ட வட்டமாக உதிர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புவோம்.

அந்த மாணவனின் அப்பா மருந்தை ஒழுங்காகத்தான் தடவியிருப்பார். பலன் இல்லாததற்கு அவருடைய சோம்பலையோ தலையெழுத்தையோ குறை சொல்ல வேண்டாம். நொதி குறைவாக இருந்திருக்கலாம். இதை மாணவர்கள் புரிந்துகொண்டால், அடுத்த பாட்டிலுக்குப் பணம் கொடுக்கும் முன் தோல் மருத்துவரைப் பார்க்கும்படி வீட்டில் அவர்களே சொல்வார்கள்.