அலமாரியில் நிற்கும் புல்டோசர்கள்

எந்த நிறுவனத்தின் வனஸ்பதியானாலும் ‘டால்டா’ என்றே கேட்டு வாங்கிய வாடிக்கையாளர்களை நாம் அறிவோம். மண் தோண்டும் இயந்திரங்களுக்கும் நம் ஊர்களில் அதே கதைதான். முன்புறம் வாளியும் பின்புறம் தோண்டும் கையும் உள்ள மஞ்சள் வண்டி, யார் தயாரித்ததானாலும் ‘ஜேசிபி’. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து போவது ‘பொக்லைன்’. முன்னது, 1945-இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவர் தம் பெயரின் முதலெழுத்துக்களால் நிறுவிய தொழிலின் பெயர். பின்னது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர்.

இந்த இயந்திரங்களை அளவு பிசகாமல் சிறிதாக்கி, உலோகத்தில் வார்த்து, அவற்றைச் சேகரித்து வைப்பது மேல்நாடுகளில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. ஜெர்மனி, ஹாலந்து, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இதற்கென்றே கடைகள் உண்டு. பலசரக்குக் கடைக்காரருக்கு இதில் என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். கையிருப்பு, தரம், கலப்படம், பெட்டி, நாணயம் என்று நாம் தினமும் புழங்கும் விஷயங்கள் எல்லாமே இந்த வியாபாரத்தில் அடங்கியிருக்கின்றன.

மந்த காலத்தில் பிறந்த சரக்கு

1947-இல் லண்டனில் லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரு நண்பர்கள் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய வார்ப்பு உதிரிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார்கள். இருவர் பெயரிலும் பாதியை எடுத்து ‘லெஸ்னி’ என்று பெயர் வைத்தார்கள். வரிக் கணக்கை முன்னிட்டு, ஆண்டு முடிவில் அவர்களுடைய வாடிக்கையாளர்கள் ஆர்டரைக் குறைத்துவிடுவது வழக்கம். கணக்கு முடிக்கும் நேரத்தில் இருப்பைக் குறைக்கும் பழக்கம் நமக்கும் புதிதல்லவே! அந்த மந்த மாதங்களில் இயந்திரம் சும்மா கிடக்க வேண்டாம் என்று பொம்மை வார்க்கத் தொடங்கினார்கள்.

1948-இல் வந்த அவர்களுடைய முதல் வார்ப்புப் பொம்மை ஒரு ரோடு ரோலர். அடுத்து சிமெண்ட் மிக்சர், புல்டோசர் என்று வரிசையாக வந்தன. பள்ளிக்குத் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி இருந்ததாம். அதற்காகப் பங்காளி ஜாக் ஓடல் தம் மகளுக்குச் செய்துகொடுத்த குட்டி வண்டியிலிருந்து 1953-இல் ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை பிறந்தது. அதன் முதல் மூன்று எண்களும் ரோடு ரோலர், மண் கொட்டும் வண்டி, சிமெண்ட் மிக்சர் ஆகியவையே. உலகப் புகழ் பெற்ற அந்தச் சரக்கு, கட்டட வேலை இயந்திரங்களில்தான் கணக்கைத் தொடங்கியது.

பொம்மையிலிருந்து மாதிரிக்கு

குழந்தை விளையாடும் பொம்மைக்கு அளவு முக்கியமில்லை. சேகரிப்பவருக்கு அளவே முதல் கேள்வி. ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரம் பொம்மைத் தொழிலுக்குப் பேர்போனது. 1950 முதல் பெரிய பொம்மைச் சந்தை நடக்கும் ஊர். அங்கே 1968-இல் தோன்றிய என்.ஸெட்.ஜி. நிறுவனமும், பக்கத்துக் கிராமமான கால்க்ரோய்ட்டின் கான்ராட் நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை. இவ்வகை மாதிரிகளில் பெரும்பாலானவற்றின் அளவு 1:50, அதாவது ஐம்பதில் ஒரு பங்கு.

கணக்கைப் பாருங்கள். 5½ மீட்டர் நீளமுள்ள ஒரு ஜேசிபி 11 சென்டிமீட்டராக உள்ளங்கையில் அடங்கிவிடும். லீபெர் நிறுவனத்தின் ஒன்பது அச்சுக் கிரேன் ஒன்றுக்கு நீட்டினால் 100 மீட்டர் வரும் கை உண்டு. அதன் மாதிரியை முழுதும் நீட்டினால் 2 மீட்டர், ஆள் உயரத்துக்கும் மேல்! எடையோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் சுருங்குவதால் 1,25,000-இல் ஒரு பங்காகிவிடும். 20 டன் பொக்லைனுக்குக் கணக்குப்படி 160 கிராம்தான். ஆனால் வார்ப்புக்குக் கனம் வேண்டியிருப்பதால் மாதிரி அதைவிடக் கூடுதலாகவே நிற்கும்.

இவற்றை முதலில் கேட்டு வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் இயந்திர நிறுவனங்களே. 40 டன் இயந்திரத்தை விற்பனையாளர் பையில் எடுத்துப் போக முடியாது. மாதிரியை மேசைமேல் வைத்துக் கையை மடக்கி நீட்டிக் காட்டலாம். வாங்கிய ஒப்பந்தக்காரருக்கு அன்பளிப்பாகவும் தரலாம். மூனிக் நகரில் 1954 முதல் நடந்துவரும் ‘பௌமா’ கட்டுமான இயந்திரக் கண்காட்சியில் இப்படிப்பட்ட மாதிரிகள் வெளியாவது வழக்கம். நாம் தீபாவளிக்குக் கொடுக்கும் காலண்டர்தான் அவர்களுக்கு இந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

அச்சுக்கு ஒரு செலவு, உருப்படிக்கு ஒரு செலவு

உருக்கிய துத்தநாகக் கலவையை மிகுந்த அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்துவதே இத்தொழிலின் அடிப்படை. அச்சு செய்யத்தான் பெருஞ்செலவு. அதன்பின் ஒவ்வொரு உருப்படிக்கும் ஆகும் உலோகம் சொற்பம். ஆகவே போட்ட முதலை எடுக்க, ஒரே அச்சில் வார்த்த கிரேனை வெவ்வேறு வாடகை நிறுவனங்களின் வண்ணத்தில் பூசி விற்பார்கள். எண்ணிக்கை குறைந்த வண்ணத்துக்கு விலை ஏறும்.

தேர்ந்த கண் எதைப் பார்க்கும்? சங்கிலிப் பட்டை தனித்தனிக் கண்ணிகளாக உருள்கிறதா, உயர்த்திய கை தானாகச் சரியாமல் நிற்கிறதா, ஏணியும் கைப்பிடியும் தடிமன் மிகாமல் இருக்கின்றனவா, கிரேனின் நூல் கப்பியில் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும்.

100 கிலோவில் 5 கிராம்

இனி நாம் சொல்ல வந்த முக்கியமான செய்தி. போருக்கு முந்திய பழைய வார்ப்புப் பொம்மைகளில் பல, இன்று தொட்டால் நொறுங்குகின்றன. முதலில் மேலே மயிரிழைபோல் வெடிப்பு தெரியும். பிறகு உலோகம் உப்பும், வளையும், கடைசியில் பிட்டுபோல் உதிரும். ஜெர்மானியர் இதைத் துத்தநாகக் கொள்ளைநோய் என்ற பொருளில் அழைக்கிறார்கள். பெயர்தான் கொள்ளைநோய், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது. நோய் பிறப்பிலேயே உள்ளது.

காரணம் கலப்படம். துத்தநாகக் கலவையில் ஈயம், வெள்ளீயம், காட்மியம் ஆகியவை சிறிதளவு சேர்ந்தாலும் உலோகத்தின் நுண்ணிய மணிகளுக்கு இடையே தங்கிவிடுகின்றன. ஈரமும் வெப்பமும் அந்த இடுக்கு வழியாகப் புகுந்து உள்ளேயே அரிக்கின்றன. 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் ‘ஜமாக்’ என்ற கலவை வரிசையைக் கொண்டுவந்தது. மிகத் தூய துத்தநாகத்தில் 100 கிலோவுக்குச் சுமார் 4 கிலோ அலுமினியம் சேர்ப்பது அதன் அடிப்படை. இவ்வகைக் கலவையில் ஈயம் 100 கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது தர விதி.

ஐந்து கிராம்! ஒரு மூட்டை மிளகில் ஐந்து கிராம் பப்பாளி விதையை யார் கண்டுபிடிப்பார்? வார்த்த அன்றும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வண்ணம் பளபளத்தது, சரக்கு விற்றது, லாபமும் வந்தது. பல ஆண்டுகள் கழித்து, காசு கொடுத்தவன் வீட்டு அலமாரியில் அது வெடித்தது. இதற்கு மருந்து கிடையாது. பிற்காலத்து மாதிரிகளிலும் கவனம் தவறிய இடத்தில் இது தலைகாட்டியிருக்கிறது.

பெட்டிக்கும் விலை உண்டு

மாதிரி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் மூலப் பெட்டியும் உள்ளே பொதிந்த தெர்மோகோலும் இல்லையென்றால் விலை இறங்கிவிடும். மேலே புது வண்ணம் பூசினாலும் இறங்கும். வெயில் படாத, ஈரமில்லாத, வெப்பம் அதிகம் ஏறாத இடத்தில் கண்ணாடிக் கதவுக்குள் வைப்பது நல்லது. தூசியை மென்மையான தூரிகையால் தட்ட வேண்டும், ஈரத்துணி கூடாது. ரப்பர் டயர் நாளடைவில் வண்ணத்தில் கறை பதிக்கும். ஆதலால் ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்த வேண்டும்.

முதலீடு ஆகுமா?

விலை ஏறும் என்று வாங்கிக் குவிப்பதை நாம் ஆதரிக்கமாட்டோம். அச்சு தயாரிப்பாளரிடம் இருக்கும்வரை அவர் மறுபடியும் வார்க்கலாம். அரிது என்று நாம் பூட்டிவைத்தது அன்றே மலிந்துவிடும். வாங்குபவரும் தேடித்தான் கிடைப்பார். பிடித்திருந்தால் ஒன்று வாங்கி மேசைமேல் வைத்து மகிழலாம். கடை முதலை இதில் முடக்கலாகாது.

வாங்கும்போது விற்பவரிடம் வெடிப்பு உண்டா, உதிரி மாற்றியதா, பெட்டி மூலப் பெட்டியா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். இந்தச் சேகரிப்பாளர்கள் குறையை மறைக்காமல் சொல்பவரையே மறுபடி நாடுகிறார்கள்.

லெஸ்னி நிறுவனம் 1982-இல் திவாலாயிற்று. ஆனால் அது சுத்தமான உலோகத்தில் வார்த்த ரோலர்கள் இன்னும் உருள்கின்றன. நிறுவனம் போன பின்னும் அதன் சரக்கு அதற்காகச் சாட்சி சொல்கிறது. நம் கடைச் சரக்கு ஒரு மாதத்தில் சமைத்துத் தீர்ந்துவிடும். ஆயினும் அதன் சாட்சி வாடிக்கையாளரின் நாவில் தங்கியிருக்கும் என்பதை மறவாமல் இருப்போம்.