கண் விலகினால் கதை நிற்கும்

சீனன்குடாவிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் 2009 ஒக்டோபர் வரை கரையில் பாதைப் படகுக்குக் காத்து நின்றார்கள். பாதை அக்கரையில் என்றால் பக்கத்தில் நிற்பவரோடு கதைப்பதுதான் வேலை. எந்த ஊர், யாருடைய மகள், நெல் என்ன விலை, ஆஸ்பத்திரியில் யாரைப் பார்க்கப் போறீங்க? முன்பின் தெரியாதவர் இறங்கும்போது தெரிந்தவராகியிருப்பார்.

பிறகு 396 மீற்றர் பாலம் வந்தது. வந்தது நல்லதுதான். 2021 நவம்பர் 23 அன்று குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் இது. பாதைக்காக ஏங்க யாருக்கும் மனம் வராது. ஆனால் காத்திருப்பு இன்னும் இருக்கிறது. சீனன்குடா ரயில் நிலையத்திலும் கிளினிக் வாங்கிலும் சனம் மணிக்கணக்கில் இருக்கிறது, ஆளுக்கொரு போனோடு.

தேத்தண்ணிக் கடையொன்றில் ஒரு பெரியவர், 1942 ஏப்ரல் 9 ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டதையும் சீனன்குடா எண்ணெய்க் குதம் எரிந்ததையும் தன் வாப்பா சொன்னபடி சொல்லிக்கொண்டிருந்தார். எதிரிலிருந்த இளைஞனின் போன் ஒருதரம் ஒளிர்ந்தது. அவன் எடுக்கவில்லை, கண் மட்டும் போய் வந்தது. பெரியவர் பாதி வசனத்தில் நிறுத்தினார். “நீங்க பாத்து முடிங்க மகன், பிறகு சொல்றன்.” கிளாசை வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

பிரித்தானியாவின் எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் அறிமுகமில்லாதவர்களைச் சோடி சோடியாகப் பேசவிட்டார்கள். சிலருக்கு அருகே ஒரு போன், மற்றவர்களுக்கு ஒரு குறிப்புப் புத்தகம். யாரும் தொடாத அந்தப் போன் இருந்த இடத்தில் நெருக்கமும் நம்பிக்கையும் குறைந்தன. மனதுக்கு முக்கியமான விடயத்தைப் பேசியவர்களிடம் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பின்னர் வந்த எல்லா ஆய்வும் இதை உறுதிப்படுத்தவில்லை. வெளிநாட்டுப் பிள்ளையின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவதும் இதே போன்தான் என்பார்கள், அதுவும் சரி.

என் பயம் வயது போனவர்களைப் பற்றியது. அந்தக் குண்டுவீச்சைப் பிள்ளை வயதில் கண்டவர்கள் இன்று தொண்ணூறை ஒட்டியவர்கள். 1990 யுத்தத்தில் ஊர்விட்டு ஓடியவர்களுக்கும் நரை விழுந்துவிட்டது. இவர்களின் கதைகளில் பெரும்பகுதி எங்கும் எழுதப்படவில்லை. கேட்கிறவனின் முகத்தைப் பார்த்துத்தான் அவர்கள் அடுத்த வசனத்தை எடுக்கிறார்கள். முகம் திரும்பினால் வற்புறுத்த மாட்டார்கள். மரியாதையாக நிறுத்திவிடுவார்கள், மறுநாள் தொடங்கவும் மாட்டார்கள்.

உங்கள் வீட்டில் அம்மம்மாவோ மூத்தாப்பாவோ ஒரு கதையை எடுத்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருக்காதீர்கள். அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்து, முன்னால் இருங்கள்.