உஷார்! நீச்சல் குளத்தில் அனுமதி இலவசம்... பார்த்துக்கொள்ள யார்?

‘கோடை விடுமுறை முழுக்க அனுமதி இலவசம்’ என்ற போர்டைப் பார்த்ததும் பிள்ளைகள் கையில் துண்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

எனக்குத் தெரிந்த குடும்பம் அது. பையனுக்கு 6 வயது. ஊர்ப் பொது நீச்சல் குளத்தில் இறங்கி விளையாடிக்கொண்டிருந்தான். அம்மா எங்கும் போய்விடவில்லை. கரையில்தான் உட்கார்ந்திருந்தார். மடியில் அவன் சட்டை, காலடியில் அவன் செருப்பு. மூத்த மகளுக்குத் தலை துவட்டிவிட்டு நிமிர்ந்தார். பையனைக் காணோம்!

அவன் கத்தவில்லை. கையை ஆட்டவில்லை. இரண்டடி தள்ளிப் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கே தெரியவில்லை. காலில் ஏதோ இடறுகிறதே என்று ஒரு கல்லூரி மாணவர் குனிந்து தூக்கினார். அதனால் பிழைத்தான். இன்றைக்கும் பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அந்த அம்மா எழுந்து ஓடுகிறார்.

மூழ்கும் குழந்தை சத்தம் போடாது! மூச்சு விடவே வழியில்லாதபோது ‘அம்மா’ என்று எப்படிக் கூப்பிடும்? தலை பின்னால் சாய்ந்திருக்கும். வாய் நீர்மட்டத்தில் முங்கி முங்கி எழும். முன்முடி கண்ணை மறைத்தாலும் ஒதுக்கிவிடாது. உடம்பு நட்டுக்குத்தலாக நிற்கும், ஏணி ஏறுவதுபோல் கைகள் தண்ணீரை அழுத்தும். பார்க்கிறவர்களுக்கு விளையாடுவதுபோல்தான் தெரியும். சத்தம் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே பாருங்கள்!

2021-இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவர் 5 வயதுகூட நிரம்பாத குழந்தை.

பொதுக் குளம் எல்லாருக்கும் திறந்திருப்பது நல்ல விஷயம்தான். காசில்லாத வீட்டுப் பிள்ளையும் நீச்சல் பழக வேண்டும். ஆனால் டிக்கெட் கொடுக்கும் ஆள் போனதும், உள்ளே எத்தனை பேர் என்ற கணக்கும் கூடவே போய்விடுகிறது. நியூயார்க் நகரத்தின் திறந்தவெளிப் பொதுக் குளங்களில் கோடையில் எல்லாருக்கும் இலவசம்தான். ஆனால் உயிர்காப்பாளர் பணியில் இல்லாத நேரத்தில் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. நாமும் அதைக் கேட்க வேண்டாமா? போனதும் முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்: “உயிர்காப்பாளர் எங்கே?” ‘இப்போ வந்துடுவார்’ என்றால், அவர் வரும்வரை பிள்ளை கரையில்தான்.

அடுத்து, தரையைப் பாருங்கள். ஆழமான பக்கத்தின் அடித்தரையும் அங்கே தண்ணீர் உறிஞ்சும் ஓட்டையும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், மூழ்கிய பிள்ளையும் தெரியாது. அந்த ஓட்டைக்கு மூடி உடைந்திருந்தாலோ இல்லாவிட்டாலோ அந்தக் குளமே வேண்டாம். அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி, 2002-இல் இப்படி உறிஞ்சும் வேகத்தில் சிக்கித்தான் இறந்தாள். தாய் இழுத்தும் வரவில்லை. 2007-இல் அந்த நாட்டில் இதற்கென்றே சட்டம் போட்டார்கள்.

மூக்கில் குப்பென்று குளோரின் நெடி அடித்தால் சுத்தமான தண்ணீர் என்று நம்பிவிடாதீர்கள். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து கிளப்பும் நெடி அது. போதுமான குளோரின் இல்லாத தண்ணீரும் ஆபத்து. 2024-இல் கேரளத்தில் குழந்தைகளைக் காவு வாங்கிய மூளை தின்னும் அமீபா அப்படிப்பட்ட தண்ணீரில் உயிர்வாழும்; அது உடம்புக்குள் போவது மூக்கு வழியாகத்தான்.

காற்றடைத்த கைப்பட்டையை நம்பாதீர்கள். அது விளையாட்டுச் சாமான். அண்ணனை நம்பித் தம்பியை அனுப்பாதீர்கள். அண்ணனும் குழந்தைதான்.

மூழ்கிய பிள்ளையைத் தூக்கியதும் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, இரண்டும் வேண்டவே வேண்டாம்! மூச்சில்லை என்றால் முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். 30 அழுத்தலுக்கு 2 ஊதல். இன்னொருவர் 108-க்கு அடிக்கட்டும். பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இருமல், மூச்சிரைப்பு, அசாதாரணத் தூக்கம் இருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள்.

சின்னப் பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை நீங்களும் தண்ணீரில் இருங்கள், கைக்கெட்டும் தூரத்தில். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள், அம்மா.