உயிரி மருத்துவக் கழிவுக் கொட்டலும் சட்ட நடைமுறையும்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறண்ட நிலப்பகுதியை முன்வைத்து

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் மானாவாரி வேளாண்மையையும் கண்மாய்ப் பாசனத்தையும் நம்பியவை. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஓடைகளும் புறம்போக்கு நிலங்களும் கழிவு கொட்டுவோர்க்குக் கேட்பாரற்ற இடங்களாகத் தோன்றக்கூடும். மழைக்காலத்திலோ ஒரு கண்மாயின் மறுகால் நீர் அடுத்த கண்மாயைச் சென்றடைகிறது. ஆகவே, ஓரிடத்தில் கொட்டப்படும் கழிவு ஓரூரின் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. உயிரி மருத்துவக் கழிவு குறித்த சட்ட ஏற்பாடுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

விதிகளின் அமைப்பு

2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கழிவு உருவாகும் இடத்திலேயே மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என வகைப்படுத்தப்பட வேண்டும். பைகளுக்குப் பட்டைக்குறியீடு இடப்பட வேண்டும். சுத்திகரிக்கப்படாத மனித, விலங்கு உடற்கழிவுகளை 48 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கலாகாது. 75 கி.மீ. தொலைவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருப்பின், மருத்துவமனை தனியாக நிலையம் அமைத்தல் கூடாது. அத்தகைய பொது நிலையம் ஒன்று திருச்சுழி வட்டம் அ.முக்குளம் பகுதியில் உள்ளது. எனவே இப்பகுதிக்குக் கழிவு வருவது தன்னளவில் குற்றமன்று. அது பதிவோடு நிலையத்திற்குள் செல்கிறதா, பதிவின்றிக் கண்மாய்க்குள் இறங்குகிறதா என்பதே வினா.

நெல்லை நிகழ்வு

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டம் கோடகநல்லூர், நடுக்கல்லூர் முதலிய இடங்களில் கேரள மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டன. கழிவிடையே கிடந்த ஆவணங்களே அவை புறப்பட்ட இடத்தைக் காட்டின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்குப் பின் கேரள அரசு அவற்றை லாரிகளில் திரும்ப எடுத்துச் சென்றது.

தண்டனையின் இரு போக்குகள்

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 15ஆம் பிரிவு முன்பு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமளித்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தால், 2024 ஏப்ரல் முதல் அது 10,000 ரூபாய் முதல் 15 இலட்சம் ரூபாய் வரையிலான பணத்தண்டமாக மாறியது. தமிழ்நாடோ 2025இல் 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தைத் திருத்தி, உயிரி மருத்துவக் கழிவை முறைகேடாக அகற்றுவோரைத் தடுப்புக்காவலில் வைக்க வழிசெய்தது. நடுவணரசின் சட்டம் சிறையைத் தளர்த்திய நிலையில், மாநிலச் சட்டம் விசாரணைக்கு முந்தைய காவலை நாடியுள்ளது.

முடிவுரை

தடுப்புக்காவல் பெரும்பாலும் கையில் அகப்படும் ஓட்டுநரையும் இடைத்தரகரையுமே எட்டும். கழிவை உருவாக்கிய நிறுவனத்தின் இழப்பீட்டுப் பொறுப்பை 2016ஆம் ஆண்டு விதிகளின் 18ஆம் விதி ஏற்கெனவே வரையறுத்துள்ளது. அதனைச் செயற்படுத்தத் தேவையான சான்று பட்டைக்குறியீட்டுப் பதிவிலும் வாகனத் தடப்பதிவிலும் உள்ளது. அப்பதிவுகளைச் சுத்திகரிப்பு நிலையத்தின் வரவோடு இடையறாது ஒப்பிடுவதே கண்மாய்களைக் காக்கும் முதன்மை வழியாகும்.